கவரில் எழுதாத பேர்

பனிச்சங்கேணி
03.06.2025

மேனு,

கவரில பேர் இல்ல, ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிட்டாங்க எண்டு கிழிச்சுப் போட்டிராத. நாந்தான், உன்ட மச்சாள் கேதீஸ்வரி. கொழும்பு பஸ்ஸில கொண்டக்டரா நிக்கிற றிப்ஷான்ட கையில குடுத்து விடுறன். ஓட்டமாவடிப் பொடியன், உன்ட புடவைக்கடை தனக்குத் தெரியும் எண்டான். அவனுக்கும் நான் ஒண்டும் சொல்லல்ல. எங்கட போன் ரெண்டையும் நீ புளொக் பண்ணி வெச்சிரிக்காய். உன்ட அண்ணன் எடுத்தாலும் போகுதில்ல. கோவப்பட உனக்கு உரிமை இரிக்கி, இண்டைக்கு நான் சண்டைக்கு வரல்ல.

என்ட மகள் யதுவுக்குச் சுகமில்ல மேனு. மாசி மாசத்தில இரிந்து இடக்கால இழுத்து இழுத்து நடந்தாள். விளையாட்டுக்குச் செய்யிறாள் எண்டு நான் ஏசியும் போட்டன். படம் எடுத்துப் பாத்தா முள்ளந்தண்டில ஒரு கட்டி. கொழும்பில ஒப்பரேசனுக்குத் திகதி தந்திரிக்காங்க, இந்த மாசம் இருபத்தாறு. பிந்தினா நடை திரும்பாது எண்டு டொக்டர் என்ட முகத்தப் பாக்காமச் சொன்னார். ரோட்டால கொண்டு போகவும் கூடாதாம். பஸ்ஸோ வேனோ, அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போனா அந்த முள்ளுக்கு ஆகாதாம். இடுப்புக்குப் பட்டி கட்டிக் கொஞ்ச நேரம் இருத்தி வெக்கலாம், அவ்வளவுதான். அதால அவரே ஒரு உதவிச் சங்கத்தப் புடிச்சு, மட்டக்களப்பில இரிந்து கொழும்புக்குக் கிட்ட இரத்மலானைக்குப் போற சின்னப் பிளேனில ரெண்டு சீட் எடுத்துத் தந்தார். ஒண்டு புள்ளைக்கு, ஒண்டு தாய்க்கு.

தாய் எண்டு அவங்க எழுதிக்கொண்டு போனது உன்ட பேர். புள்ளைட பிறப்புப் பத்திரத்தில கிடக்கிறது அதுதான.

பிளேனுக்கு அடையாள அட்டை காட்டோணுமாம். அண்டைக்கு ஆசுபத்திரிக்குத் தந்த மாதிரி உன்ட அட்டைய ஒருக்கா அனுப்புவியா? இறங்கின உடன உன்ட கையிலயே தாறன். வேற வழி எனக்குத் தெரியல்ல.

கேதீஸ்வரி


வெள்ளவத்தை
07.06.2025

மச்சாள்,

கடிதம் கிடைச்சிது. சாரி மடிக்கிற மேசையடியில நிண்டு வாசிச்சு, அழுது, முதலாளி காய்ச்சலா எண்டு கேட்டு, ஓம் எண்டு பொய் சொல்லி, பாதி நாள் லீவும் எடுத்திட்டன். யதுவ நினைச்சு அழுததுதான். அது ஒரு பக்கம். இப்ப நான் சொல்றதக் கேளுங்க.

அட்டை தரமாட்டன்.

நீங்க இந்தியாவில அகதி முகாமில பிறந்தது உங்கட பிழை இல்ல. அகதி எண்டு பதிஞ்சு ஒழுங்கான வழியில வாறதுக்கு உங்கட அப்பாவுக்குப் பொறுமை இல்ல. ஏஜென்சிக்காரன் ஒருத்தனப் புடிச்சு உங்களுக்கு இந்தியப் பாஸ்போட் எடுத்து, ஊர் சுத்திப் பாக்க வாற ஆள் மாதிரி விசாவில கூட்டி வந்தார். அந்த விசா எப்பயோ செத்துப் போச்சு. அங்க நீங்க சிலோன்காரி, இஞ்ச இந்தியாக்காரி. ஆனா ஊரில ஆர் கேட்டது? கோயில்ல உங்கட அம்மாட குடிய, அவட வம்சத்துப் பேரச் சொன்னீங்க, நம்மட ஆள்தான் எண்டு தாலி கட்ட விட்டாங்க. தாய்வழிக் குடி தெரிஞ்சாப் போதும், மறுகா எங்கட ஊரில ஒருத்தரும் அட்டை கேக்கிறல்ல.

ஆசுபத்திரிதான் கேட்டிச்சு. நீங்க வயித்துக் குத்தில கத்திறீங்க. உண்மையச் சொன்னா பொலிசுக்கு அறிவிச்சு உங்கள இந்தியாவுக்கு ஏத்திப்போடுவாங்க எண்டு அண்ணன் நடுங்கிறார். நாந்தான் என்ட அட்டைய நீட்டினன். எனக்குப் பத்தொம்பது வயசு. ரெண்டு பேரும் ஒரே மெலிவு, ஒரே கொண்டை, ஒருத்தரும் முகம் பாக்கல்ல. தகப்பன்ட பேர் கேக்கக்குள்ளதான் எங்களுக்கு மூளை வேலை செஞ்சிது. மேனுகாட புள்ளைக்குத் தகப்பன் மேனுகாட அண்ணன் வினோஜன் எண்டு எப்பிடிச் சொல்ற? அந்த இடத்தில ஒரு கோடு போட்டாங்க. கலியாணம் முடிக்காத மேனுகா, தகப்பன் இல்லாத புள்ளை. அரசாங்கம் இண்டைக்கும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டிரிக்கி.

வவுணதீவில இரிந்து என்னக் கேட்டு வந்தாங்களே, மறந்திட்டீங்களா? மாப்பிள்ளைட அக்கா பதிவுக் கந்தோரில வேலை. அவ எல்லாத்தையும் பாத்திட்டுத்தான் வந்தா. இந்தப் புள்ள ஆருட எண்டு நடு வீட்டில வெச்சுக் கேட்டா. நீங்க கதவுக்குப் பின்னால நிண்டீங்க. யது உங்கட சீலையப் புடிச்சுக்கொண்டு நிண்டாள். ஒரு சொல்லு மச்சாள், ஒரே ஒரு சொல்லு. நீங்க வாய் திறக்கல்ல. அந்தக் கிழமைதான் நான் கொழும்புக்கு பஸ் ஏறினன்.

சரி, அத விடுவம். பிளேன் ஏறுற இடம் ஆசுபத்திரி இல்ல. முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கெண்டே அங்க ஆள் வெச்சிரிக்காங்க. புது அட்டையில படம் அவ்வளவு தெளிவு. அம்புட்டா நீங்களும் உள்ளுக்கு, நானும் உள்ளுக்கு, புள்ள நடுவில. நான் லீவு கேட்டு ஊருக்கு வாறன். சீட் என்ட பேரில, அட்டை என்ட கையில. நானே அவளக் கொண்டு போறன், நீங்க வீட்டில இரிங்க.

போன் எடுக்காதீங்க. நான் இரிக்கிற அறையில நாலு பேர், இத வாயால பறைய ஏலாது. உதயரூபன் எண்டு ஒருத்தர் என்னக் கேட்டிரிக்கார், நல்ல மனிசன். அவருக்கும் இது ஒண்டும் தெரியா. நான் எழுதினத வாசிச்சிட்டு எரிச்சிருங்க.

மேனுகா


பனிச்சங்கேணி
11.06.2025

மேனு,

எரிக்கல்ல. அடுப்படி வரைக்கும் கொண்டு போயிட்டுத் திரும்பி வந்திட்டன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு உன்ட கையெழுத்து.

கதவுக்குப் பின்னால நிண்டது உண்மை. வாய் திறந்தா என்னப் புடிப்பாங்க, புள்ளைய எடுப்பாங்க எண்டு நிண்டன். அது நியாயம் எண்டு நான் சொல்லல்ல.

எனக்கு இந்தப் பயம் எப்பிடியெண்டு உனக்கு விளங்குமோ தெரியா. பஸ்ஸ மறிச்சா நான் நித்திரை மாதிரிக் கண்ண மூடிருவன். ஆசுபத்திரிக்குப் போகாட்டி எங்கட பாலத்தத் தாண்டவே மாட்டன். மறுகா இந்த வாய் வேற. பயம் வந்தா என்ட வாய் இந்தியாவுக்குப் போயிரும். போன மாசம் படம் எடுக்கிற இடத்தில யது வலியில அழ, நான் கவுண்டருக்குப் போய் "ஏங்க, கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்" எண்டு சொல்லிப்போட்டன். அந்தக் கிளாக்கர் தலைய நிமித்தி என்னப் பாத்தார். ஒண்டுமே கேக்கல்ல, சும்மாதான் பாத்தார். அதுக்குப் பிறகு அங்க ஆர் என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டினன்.

நீ கொண்டு போறன் எண்டாய். நல்ல மனசோடதான் சொல்றாய். ஆனா ஊசியக் கண்டா அவள் என்ட வயித்துக்குள்ள முகத்தப் புதைக்கிறவள். நீ ஊர விட்டுப் போகக்குள்ள அவள் சின்னன், இப்ப உன்ன அவளுக்குப் போட்டோவிலதான் தெரியும். தெரியாத ஒருத்திட கையில குடுத்து, முள்ளந்தண்ட வெட்டப் போற புள்ளைய அனுப்பிப்போட்டு நான் இஞ்ச மீன் கழுவிக்கொண்டு இரிக்கவா? உன்ட அண்ணன் களப்புக்குப் போறதையே விட்டிட்டார். வலை காஞ்சு கிடக்கு.

இன்னொண்டு. கடதாசில அவள் உன்ட புள்ள. சட்டம் உன்ட பக்கம். நான் ஆர் எண்டு கேட்டா என்னட்டக் காட்ட ஒரு துண்டும் இல்ல. நீ திருப்பித் தருவியா மேனு?

எழுதியிரிக்கக் கூடாது. வெட்டினாலும் நீ வெளிச்சத்தில புடிச்சு வாசிப்பாய், அதால வெட்டல்ல.

கேதீஸ்வரி


வெள்ளவத்தை
15.06.2025

மச்சாள்,

உங்கட கடைசிக் கேள்வியப் படிச்சிட்டு, பதில் எழுதுறல்ல எண்டுதான் இரிந்தன். பேரக் குடுத்து, கலியாணத்தக் குடுத்து, ஊரையும் விட்டிட்டு வந்தவள்ட்ட, புள்ளைய வெச்சுக்கொள்ளுவியா எண்டு கேக்கிறீங்க. ரெண்டு நேரம் சாப்பிடல்ல. மறுகா யோசிச்சன். உங்கட இடத்தில நான் நிண்டா நானும் கேட்டிரிப்பன், உங்கள விட மோசமாக் கேட்டிரிப்பன்.

அதால நேத்து ஒரு வேலை பாத்தன். டிக்கற் கந்தோருக்குப் போய், இந்தியாவில இரிந்து வந்த எங்கட சொந்தக்காரி ஒருத்தி மட்டக்களப்பில இரிந்து வரோணும், என்ன காட்டோணும் எண்டு ஒண்டும் தெரியாத ஆள் மாதிரிக் கேட்டன். வெளிநாட்டு ஆள் எண்டா பாஸ்போட் போதுமாம். டிக்கற்றில உள்ள பேரும் பாஸ்போட்டில உள்ள பேரும் ஒண்டா இரிக்கோணுமாம், காலம் முடிஞ்சிரிக்கக் கூடாதாம். விசாவும் பாப்பீங்களா எண்டு கேக்க நாக்கு வரைக்கும் வந்திட்டு. கேட்டா டிக்கற் குடுக்கிற பொம்பிளைப் புள்ளைக்குச் சந்தேகம் வந்திரும் எண்டு விழுங்கிட்டன். உள்ளூர்ப் பயணம்தான எண்டு அவள் சிரிச்சாள். ஆனா வாசல்ல நிக்கிறவங்க என்ன கேப்பாங்க, பக்கம் திருப்புவாங்களா எண்டு அவளும் சொல்லல்ல, எனக்கும் தெரியா. உங்கட பாஸ்போட் அடுத்த வருசம் வரைக்கும் செல்லும் எண்டு அண்ணன் ஒருக்காச் சொன்ன ஞாபகம். நல்லாப் பாருங்க.

உதவிச் சங்கத்துக்கும் கதைச்சன். நான் கொழும்பில வேலை, ஊருக்கு வர லீவு இல்ல, புள்ளைய அவள்ட மாமி கூட்டி வருவா, பேர மாத்துங்க எண்டன். மாத்திட்டாங்க. என்ன கூத்து பாத்தீங்களா? நிசத்தில யதுவுக்கு நாந்தான் மாமி, தகப்பன்ட தங்கச்சி. கடதாசில நான் தாய், நீங்க என்ட அண்ணன்ட பெண்சாதி, அப்ப நீங்கதான் மாமி. ஒப்பரேசனுக்குத் தாய் ஒப்பம் வெக்கோணும், அத நான் இஞ்ச நிண்டு வெக்கிறன்.

தாய் கூட வராட்டித் தாய்ட கடிதம் வேணுமாம். இதோட வெச்சிரிக்கன். வாசிச்சா நோகும். "இப்பிள்ளையின் தாயாகிய நான், என் மகளை அவளுடைய மாமி கேதீஸ்வரியின் பொறுப்பில் அனுப்பி வைக்கிறேன்." மூணு கடதாசி கிழிச்சுத்தான் எழுதி முடிச்சன். ஆனா இதக் கொண்டு போனாத்தான் உங்கட புள்ளையோட நீங்க போகலாம்.

அவளையும் பழக்குங்க. ஆரும் கேட்டா மாமி எண்டுதான் சொல்லோணும்.

மேனுகா


பனிச்சங்கேணி
19.06.2025

மேனு,

உன்ட கடிதத்த அரிசிப் பானைக்குள்ள வெச்சிரிக்கன். பாஸ்போட்டுக்கு உசிர் இரிக்கி, அதுக்குள்ள இரிக்கிற விசாவுக்குத்தான் இல்ல. விசாப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் ஒட்டிப்போடுவமா எண்டு உன்ட அண்ணன் கேட்டார். விசர்க் கதை கதைக்காதீங்க எண்டு ஏசினன். ஏசிப்போட்டு நானும் கொஞ்ச நேரம் பசைய யோசிச்சன்.

யதுவப் பழக்கிறன். மொதல்ல அவளுக்குச் சிரிப்பு. நீங்க அம்மாதான, ஏன் மாமி எண்டு சொல்ற எண்டாள். விளையாட்டு எண்டன். விளையாட்டு எண்டா ஏன் அழுறீங்க எண்டு கேட்டாள். மறுகா ஏலாமப் போய் உள்ளதச் சொல்லிப்போட்டன், அம்மா எண்டு சொன்னா அம்மாவப் புடிச்சுக்கொண்டு போயிருவாங்க மகள், கால் சுகமாகி வரும் வரைக்கும் மாமி எண்டு சொல்லு எண்டு. அதோட சிரிப்பு நிண்டிட்டு. இப்ப நான் கேக்கிறதுக்கு முந்தியே சொல்றாள். சோறு தீத்தக்குள்ளயும் மாமி, தண்ணிக்கும் மாமி. இவ்வளவு கெட்டிக்காரியா இரிக்காளே எண்டு உன்ட அண்ணன் வெளியில போய் நிண்டிட்டார்.

எனக்கு ஒரே கெட்ட கெட்ட யோசினை. அங்க வெச்சு என்னப் புடிச்சா அவள் ஆரோட போவாள்? உன்ட அண்ணனை உள்ளுக்கு விட மாட்டாங்க. விட்டாலும் அவர் கடதாசில தகப்பன் இல்ல.

கேதீஸ்வரி


வெள்ளவத்தை
22.06.2025

மச்சாள்,

சுருக்கமா எழுதுறன், றிப்ஷான் கடை வாசல்ல நிக்கிறான்.

புதுச் சீலை கட்டாதீங்க, வழமையா உடுக்கிறதையே உடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். பாஸ்போட்டையும் என்ட கடிதத்தையும் ஒண்டாக் குடுங்க, பக்கத்த நீங்களாத் திறந்து காட்டாதீங்க. முந்திப் போகவும் வேணாம், பிந்திப் போகவும் வேணாம். இத எல்லாம் நான் உங்களுக்குச் சொல்றனோ எனக்குச் சொல்றனோ தெரியல்ல.

புடிச்சா, கத்தாதீங்க. புள்ளைய ஏத்தி விடுங்க, தாய் இரத்மலானையில நிக்கிறா எண்டு சொல்லுங்க. அவங்களுக்குப் புள்ளைட தாய் நாந்தான, அந்தப் பொய் அதுக்காவது உதவட்டும். நான் விடியவே போய் வாசல்ல நிப்பன். ரெண்டு பேரும் இறங்கி வாறதப் பாக்கும் வரைக்கும் நான் மூச்சு விடப் போறல்ல.

மேனு


பனிச்சங்கேணி
20.07.2025

மேனு,

வீட்டுக்கு வந்து கிழமை ஒண்டாகுது. ஆசுபத்திரியில பக்கத்துக் கட்டில்காரங்க காது குடுத்துக்கொண்டு இரிந்ததால உன்னட்ட ஒண்டும் ஒழுங்காச் சொல்லக் கிடைக்கல்ல. நீ வாட்டுக்குள்ள தாயா இரிந்தாய், நான் ஆள் பாக்க விடுற நேரத்துக்கு மாமியா வந்து போனன். இப்ப சொல்றன்.

திமிலைதீவில, பிளேன் ஏறுற இடத்து வாசல்ல நிண்ட விமானப்படைப் பொடியன் டிக்கற்றைப் பாத்திட்டு விட்டிட்டான். உள்ளுக்கு ஒரு மேசை, ஒரு பொம்பிளைப் புள்ளையும் வயசான ஒரு ஐயாவும். பாஸ்போட்டையும் உன்ட கடிதத்தையும் குடுத்தன். அந்தப் புள்ள படத்தப் பாத்தாள், என்னப் பாத்தாள், பேர டிக்கற்றோட சேத்துப் பாத்தாள். மறுகா யதுவக் குனிஞ்சு பாத்து, என்னக் காட்டி இது யாரு எண்டு கேட்டாள். யது என்ட முகத்தப் பாக்கவே இல்ல. நேரா அவளப் பாத்து "மாமி" எண்டாள். ஒரு தடங்கலும் இல்ல.

அப்பதான் அந்த ஐயா பாஸ்போட்ட எடுத்துக்கொண்டு, இரிங்க எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போனார். முடிஞ்சிது எண்டு நினைச்சன். கண்ணாடிக்கு அங்கால உன்ட அண்ணன் தெரிஞ்சார், எனக்குக் கையக் காட்டவும் ஏலல்ல. இரத்மலானையில தாய் நிக்கிறா எண்டு நீ சொன்னத மனசுக்குள்ள சொல்லிப் பாத்தன், அதுவும் இந்தியாத் தமிழில வருகுது. கன நேரமாகி ஐயா வந்தார். கையில ஒரு தலகாணி, அதுக்கு மேல பாஸ்போட். பிள்ளைக்கு இடுப்புக்கு வையுங்க, சீட் கொஞ்சம் கடுமை எண்டு அரைகுறைத் தமிழில சொன்னார். ரொம்ப நன்றிங்க எண்டு வாயில வந்திட்டு. நாக்கக் கடிச்சன். ஆனா அந்தப் பாஸ்போட்டுக்கு அந்தத் தமிழ்தான் பொருத்தம் எண்டு பிளேன் எழும்பின பிறகுதான் விளங்கிச்சு, அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்திட்டு. அந்தப் பக்கத்த அவர் பாத்தாரா, பாத்திட்டுத்தான் தலகாணி கொண்டு வந்தாரா, எனக்கு இண்டைக்கும் தெரியா.

கால் இப்ப இழுக்கிறல்ல. சுவரப் புடிச்சு நடக்கிறாள், போன கிழமைய விட நல்ல நேரா நிக்கிறாள். நீ ஒப்பம் வெச்ச கைக்கு நான் என்ன செய்வன் மேனு.

ஆனா அவள் என்ன இன்னும் மாமி எண்டுதான் கூப்பிடுறாள். பிளேனில, களப்பு கீழ பளபளவெண்டு கிடக்க, ஒருத்தருக்கும் கேக்காத சத்தத்தில கூட, மாமி கீழ பாருங்க எண்டாள். பயத்தில சொல்றாள் எண்டு விட்டன். இஞ்ச வந்தும் அதுதான். முடிஞ்சிது மகள், இனி அம்மா எண்டு சொல்லலாம் எண்டன். கதவைப் பாத்தாள், சன்னலப் பாத்தாள். "சொன்னா உங்களப் புடிச்சிருவாங்க" எண்டாள். நேத்து முத்தத்தில விழுந்து முழங்கால் உரிஞ்சிட்டு. வலியில வாய் வரைக்கும் வந்த சொல்ல அவள் கையால பொத்தினத நான் கண்ணால கண்டன். என்ட பயத்த நான் புள்ளைக்குள்ள ஊத்திப்போட்டன். எப்பிடி எடுக்கிறது எண்டு தெரியல்ல.

கேதீஸ்வரி


வெள்ளவத்தை
27.07.2025

அன்பின் மச்சாளுக்கு,

உங்கட கடிதத்த உதயரூபன்ட கையில குடுத்து வாசிக்கச் சொன்னன். கலியாணத்துக்குப் பிறகு கதவுக்குப் பின்னால நிண்டு நடுங்க என்னால ஏலாது. வாசிச்சிட்டு மடிச்சுத் தந்தார். யோசிக்கோணும் எண்டார். இன்னும் யோசிச்சுக்கொண்டுதான் இரிக்கார். என்ன சொல்லுவாரோ தெரியா, சொல்லாமலே போகவும் கூடும்.

ஒரு சட்டத்தரணி அம்மாவையும் போய்ப் பாத்தன். உங்கட விசாக் கதையையும் புள்ளைட பிறப்புப் பத்திரத்தையும் ஒண்டாத்தான் சொல்லோணுமாம், பாதி மறைச்சுப் பாதி சொல்லேலாதாம். அம்மாட பழைய பிறப்புப் பத்திரம், முகாமில பதிஞ்ச துண்டு, எது கிடைச்சாலும் தேடி எடுக்கட்டாம். உங்கள அனுப்பிருவாங்களா, எனக்குத் தண்டனை கிடைக்குமா எண்டு கேட்டன். இல்லவே இல்ல எண்டு அவ சொல்லல்ல. வழி இரிக்கி எண்டுதான் சொன்னா. எனக்குப் பயம்தான் மச்சாள், பொய் சொல்லல்ல. ஆனா அடுத்த மாசம் நான் ஊருக்கு வாறன். ரெண்டு பேரும் ஒண்டாப் போவம், நீங்க முன்னுக்கு, நான் பக்கத்தில.

இந்தக் கடிதம் றிப்ஷான்ட கையில வராது. முத்திரை ஒட்டித் தபாலிலயே போடுறன். நீங்க வாசிச்ச உடன, கவர யதுட கையில குடுங்க. எழுத்துக் கூட்டி வாசிப்பாள்தான? அவளுக்கு விளங்கோணும் எண்டு கவரில பெரிசு பெரிசா எழுதியிரிக்கன்.

யதுசிகாவின் அம்மா,
கேதீஸ்வரி,
பனிச்சங்கேணி.

கடையில என்னோட நிக்கிறவங்களும் பாத்தாங்க, தபால் கந்தோரில முத்திரை குத்துறவரும் பாப்பார், உங்கட தபால்காரரும் வாசிச்சிட்டுத்தான் தருவார். வாசிக்கட்டும். இத எழுதினது மேனு மாமி, இவ்வளவு பேர் பாத்தும் ஒருத்தரும் அம்மாவப் புடிக்க வரல்ல எண்டு அவளுக்குச் சொல்லுங்க.

இப்படிக்கு,
யதுட மாமி
மேனுகா